மாட்டிறைச்சியின் தோற்ற நாட்டைக் குறித்தல்: கால்நடை வளர்ப்போர் அறிய வேண்டியவை

கடையில் வைக்கப்பட்டிருக்கும் ஒரு துண்டு மாட்டிறைச்சியைப் பார்த்து, அம்மாடு எங்கே பிறந்தது, எங்கே தீனி தின்று கொழுத்தது, எங்கே கொல்லப்பட்டது என்று எவராலும் சொல்ல இயலாது. நெல்மணியைக் கையில் எடுத்தவுடன் அதன் இனத்தைச் சொல்லும் கமக்காரர் நம்மிடையே உளர். தோலும் காதும் குறியும் நீங்கிய இறைச்சியிலோ அத்தகைய அடையாளம் யாதும் எஞ்சுவதில்லை. ஆதலின் இறைச்சியுடன் ஒரு விவரச்சீட்டு வரவேண்டியிருக்கிறது. அச்சீட்டில் ஒரு நாட்டின் பெயரை எழுதுதல் மிக இலகுவான காரியம் போலத் தோன்றும். ஆயின், அவ்வொரு பெயரின் பொருட்டு ஐக்கிய அமெரிக்காவுடன் கனடாவும் மெக்சிக்கோவும் 2008 தொடக்கம் 2015 வரை ஏழாண்டு காலம் வழக்காட நேர்ந்தது.

அண்மையில் நடந்த கால்நடை வளர்ப்போர் கூட்டமொன்றில் முதியவர் ஒருவர், இறக்குமதியான மாட்டிறைச்சித் தகரப்பேணி ஒன்றை மடியிலிருந்து எடுத்துக் காட்டி, "தம்பி, இதிலை ஒரு நாட்டின்ரை பேர் போட்டுக் கிடக்கு. மாடும் அந்த நாட்டு மாடுதானோ?" என்று வினவினார். நேரம் போதாமையால் நான் அப்பொழுது சுருக்கமாக ஏதோ விடை கூறினேன். அது சரியான விடையன்று. இப்பிரசுரத்தை எழுதத் தூண்டியது அவருடைய வினாவே.

ஒரே மாடு, பல இடங்கள்

நமது பட்டியிற் பிறந்த கன்று பெரும்பாலும் அதே பட்டியிலோ அயற்கிராமத்துப் பட்டியிலோ வளர்ந்து முடிகின்றது. வட அமெரிக்காவில் நிலைமை வேறு. அங்கே இறைச்சி மாடு வளர்த்தல் ஒரு தொழிலன்று, மூன்று தொழில்களாகும். முதலாவது, பசுக்களைப் புல்வெளியில் விட்டுக் கன்று ஈனச் செய்யும் தொழில். கன்று 6 முதல் 8 மாதம் வரை தாயுடன் நின்று, ஏறத்தாழ 225 முதல் 275 கிலோகிராம் நிறையில் பால் மறக்கடிக்கப்படும். இரண்டாவது, அக்கன்றை வாங்கி மேய்ச்சலில் மேலும் சில மாதம் வளர்க்கும் தொழில். மூன்றாவது, ஆயிரக்கணக்கான மாடுகளைத் திறந்த அடைப்புகளில் நிறுத்திச் சோளமும் பிற தானியமும் ஊட்டிக் கொழுக்கவைக்கும் தொழில். இவ்விறுதிக் கட்டம் நான்கு முதல் ஆறு மாதம் வரை நீடிக்கும். ஏறக்குறைய 600 கிலோகிராம் நிறையை எய்திய பின் மாடு கொல்களத்துக்குச் செல்லும். இவ்வாறு ஒரு மாடு தன் ஆயுளில் மூன்று அல்லது நான்கு உடைமையாளர் கைகளில் மாறுகின்றது.

கன்று ஈனுதற்கு ஏற்ற புல்வெளி ஓரிடத்திலும், கொழுக்கவைத்தற்கு வேண்டிய தானியம் வேறோரிடத்திலும் இருத்தலால் மாடுகள் எல்லை கடந்து செல்லலாயின. கனடாவின் அல்பேர்ட்டா, சஸ்கற்சுவான் மாகாணங்களிற் பிறந்த கன்றுகளும், கொழுத்து முடிந்த மாடுகளும் தெற்கு நோக்கிச் சென்றன. மெக்சிக்கோவின் சொனோரா, சிகுவாகுவா மாநிலங்களிலிருந்து காயடித்த நாம்பன்கள் வடக்கு நோக்கி வந்து, ரெக்சஸ் முதலிய மாநிலங்களிலுள்ள அடைப்புகளிற் கொழுத்தன. இறுதியில் எல்லாம் அமெரிக்கக் கொல்களங்களில் ஒரே வரிசையில் நின்றன.

இந்த வரிசையில் நிற்கும் மாட்டின் இறைச்சி எந்நாட்டு இறைச்சி? பழைய சட்டத்தின்படி விடை மிக எளிது. 1930ஆம் ஆண்டின் சுங்கத் தீர்வைச் சட்டம், இறக்குமதியாகும் பொருளில் அதன் தோற்ற நாட்டின் பெயர், கடைசியாக அதனை வாங்குபவர் அறியும்படி பொறிக்கப்படல் வேண்டும் என்றது. உயிருடன் வரும் கால்நடைக்கு இவ்விதியிலிருந்து விலக்கு உண்டு. அன்றியும், மாட்டை இறைச்சியாக மாற்றுபவரே "கடைசியாக வாங்குபவர்" எனக் கொள்ளப்பட்டார். எனவே கனடாவிற் பிறந்து வளர்ந்து, அமெரிக்கக் கொல்களத்துள் நேற்றுப் புகுந்த மாட்டின் இறைச்சி இன்று அமெரிக்க இறைச்சியாயிற்று. கடையில் வாங்கும் குடும்பப் பெண், பொதியிற் காணப்படும் அரசாங்க ஆய்வு முத்திரையை நாட்டின் முத்திரை எனக் கருதியிருப்பின் அது அவர் குற்றமன்று. அம்முத்திரை கூறுவது இறைச்சி பரிசோதிக்கப்பட்டது என்பதையே.

விசர்மாட்டு நோய்

தோற்ற நாட்டைப் பற்றிய கவலை ஐரோப்பாவில் முற்பட்டு எழுந்தது. 1986ஆம் ஆண்டு பிரித்தானியாவில் மாடுகளின் மூளையைப் பஞ்சுபோலத் துளைபடச் செய்யும் ஒரு புதிய நோய் இனங்காணப்பட்டது. மக்கள் இதனை விசர்மாட்டு நோய் என்றனர். இதற்கும் விசர்நாய்க் கடியால் வரும் நோய்க்கும் யாதொரு தொடர்பும் இல்லை. நோயுற்ற விலங்குகளின் எச்சங்களிலிருந்து செய்த இறைச்சி-எலும்புத் தூளைத் தீனியிற் கலந்து ஊட்டியதனாலேயே இது பரவிற்று. 1996 மார்ச் 20ஆம் தேதி, இந்நோய்க்கும் மனிதரைத் தாக்கும் ஒரு கொடிய மூளை நோய்க்கும் தொடர்பிருத்தல் கூடுமெனப் பிரித்தானிய அரசாங்கம் பாராளுமன்றத்தில் அறிவித்தது. சில நாட்களுள் ஐரோப்பிய ஒன்றியம் பிரித்தானிய மாட்டிறைச்சியின் ஏற்றுமதியைத் தடைசெய்தது. அதுவரை "நல்ல இறைச்சியா?" என்று மட்டும் கேட்ட மக்கள், "எங்கிருந்து வந்த இறைச்சி?" என்றும் கேட்கலாயினர்.

ஐரோப்பிய ஒன்றியம் 2000ஆம் ஆண்டில் இயற்றிய 1760ஆம் இலக்க ஒழுங்குவிதி இவ்வினாவுக்கு விடையாக அமைந்தது. அதன்படி முதலில் மாடு கொல்லப்பட்ட நாடும் இறைச்சி வெட்டப்பட்ட நாடும், 2002 ஜனவரி 1 தொடக்கம் மாடு பிறந்த நாடும் வளர்ந்த நாடும், சீட்டிற் குறிக்கப்படல் கட்டாயமாயிற்று. இங்கே கவனித்தற்குரியது யாதெனில், சீட்டுக்கு முன்னரே மாட்டுக்கு அடையாளம் இடப்பட்டது என்பதாம். இரு காதுகளிலும் ஒரே இலக்கமுடைய தகடு, மாட்டுடன் செல்லும் கடவுச்சீட்டு, பட்டியில் வைக்கும் பதிவேடு, நாட்டுக்கொரு பொதுப் பதிவகம் ஆகிய நான்கும் ஒன்றோடொன்று பொருந்தவேண்டும். சீட்டில் எழுதுபவர் அந்த இலக்கத்தைப் பார்த்து எழுதினாற் போதும்.

வட அமெரிக்காவுக்கு இந்நோய் 2003ஆம் ஆண்டிற் பெரும் இடியாக வந்தது. அவ்வாண்டு மே மாதத்தில் அல்பேர்ட்டாவில் ஒரு பசுவுக்கு நோய் இருத்தல் உறுதியாயிற்று. ஐக்கிய அமெரிக்கா கனடா மாடுகளுக்கு எல்லையை அடைத்தது. டிசெம்பர் 23ஆம் தேதி வொஷிங்டன் மாநிலத்தில் ஒரு பாற்பசுவுக்கும் அந்நோய் காணப்பட்டது. யப்பான், தென்கொரியா உட்படப் பல நாடுகள் சில நாட்களுள் அமெரிக்க மாட்டிறைச்சியை நிறுத்திவிட்டன. அப்பசுவின் காதுத் தகட்டைக் கொண்டும் மரபணுச் சோதனையைக் கொண்டும் ஆராய்ந்தபோது, அது கனடாவிற் பிறந்து, 2001ஆம் ஆண்டில் 81 மாடுகள் கொண்ட ஒரு தொகுதியில் எல்லை கடந்து வந்தது எனத் தெளிவாயிற்று. பிறந்த பட்டியை அறிந்துகொண்டனர். ஆயின் உடன்வந்த மாடுகள் அனைத்தையும் தேடிப் பிடிக்க முடியவில்லை. 2004 பெப்ருவரியில் அத்தேடுதல் முடிவுற்றபோதும் பல மாடுகளின் போக்கிடம் தெரியவில்லை. காதில் தகடு இருந்தும், கை மாறுந்தோறும் அதனை எழுதிவைக்கும் ஏற்பாடு இல்லாமையே இதற்குக் காரணம்.

அமெரிக்கச் சட்டம்

அமெரிக்காவில் சீட்டுச் சட்டம் இந்நோய்க்கு முன்னரே நிறைவேறியிருந்தது. 2002 மே 13ஆம் தேதி சனாதிபதி ஜோர்ஜ் டபிள்யூ. புஷ் ஒப்பமிட்ட கமத்தொழிற் சட்டத்தில், மாட்டிறைச்சி, பன்றியிறைச்சி, ஆட்டிறைச்சி, மீன், புதிய காய்கனிகள், நிலக்கடலை ஆகியவற்றுக்குத் தோற்ற நாட்டைக் குறித்தல் கட்டாயமெனக் கூறப்பட்டது. 2004 செப்டெம்பர் 30 இல் நடைமுறைக்கு வரவேண்டிய இது, மீனுக்கு மட்டும் 2005 இல் நடைமுறைக்கு வந்தது. ஏனையவற்றுக்கு 2006 வரையும், பின்னர் 2008 வரையும் பிற்போடப்பட்டது.

பிற்போட்டதற்குக் காரணம் கால்நடை வளர்ப்போரே இரு பிரிவாகப் பிரிந்து நின்றமையாகும். மொன்ரானா மாநிலத்தின் பில்லிங்ஸ் நகரைத் தலைமையிடமாகக் கொண்ட ஒரு வளர்ப்போர் சங்கம் சட்டத்தை வலிந்து ஆதரித்தது. கன்று வளர்ப்பவர் தமது கன்றின் நற்பெயரைக் கொண்டு விலை பெறவேண்டுமெனின், அப்பெயர் கடைவரை செல்லவேண்டும். வழியில் வேறு நாட்டு மாட்டுடன் கலந்து மறைந்துபோனால், இறைச்சி நிறுவனம் அயல்நாட்டு மாட்டை மலிவாக வாங்கி உள்நாட்டுப் பெயரில் விற்கும் என்பது அவர்கள் வாதம். தேசிய அளவிலான பெரிய மாட்டிறைச்சிச் சங்கமோ, செலவு முழுவதும் இறுதியில் வளர்ப்பவர் தலையிலேயே வந்து விழும் எனக் கூறிக் கட்டாயத்தை எதிர்த்தது. இரு வாதங்களிலும் உண்மை உண்டு. கொழுத்த மாடுகளின் மிகப் பெரும் பங்கை நான்கு நிறுவனங்களே வாங்கும் ஒரு சந்தையில், புதிதாக வரும் செலவை எவர் எவர்மேல் தள்ளுவார் என்பதை ஊகித்தல் கடினமன்று.

2008ஆம் ஆண்டின் புதிய கமத்தொழிற் சட்டம் மாட்டிறைச்சியை நான்கு வகையாகப் பிரித்தது. அமெரிக்காவிலேயே பிறந்து, வளர்ந்து, கொல்லப்பட்டது முதல் வகை. வெளியிற் பிறந்து அமெரிக்காவில் வளர்ந்து கொல்லப்பட்டது இரண்டாவது. இதன் சீட்டில் இரண்டு மூன்று நாடுகளின் பெயர்கள் சேர்ந்து வரும். உடனே கொல்லும் பொருட்டு எல்லை கடந்து வந்தது மூன்றாவது. இறைச்சியாகவே இறக்குமதியானது நான்காவது. 2008 செப்டெம்பர் 30 தொடக்கம் இடைக்கால விதியும், 2009 மார்ச் 16 தொடக்கம் இறுதி விதியும் நடைமுறைக்கு வந்தன. ஆனால் முதல் வகையும் இரண்டாம் வகையும் ஒரே நாளில் ஒன்றாகக் கலந்து வெட்டப்பட்டால் முழுவதற்கும் பல நாட்டுச் சீட்டு இடலாம் என்ற சலுகை இருந்தமையால், "அமெரிக்கா, கனடா, மெக்சிக்கோ" என மூன்று பெயரும் எழுதிய பொதிகள் கடைகளிற் காணப்பட்டன. வாங்குபவர் இதனால் எதனை அறிந்துகொண்டார் என்பது கேள்வியே.

கன்று வளர்ப்பவர் இச்சட்டத்தின் கீழ்ச் செய்யவேண்டியிருந்தது அதிகமன்று. தமது மாடு எங்கே பிறந்தது என ஒரு சத்தியக்கூற்றில் எழுதி, ஒப்பமிட்டு வாங்குபவரிடம் கொடுத்தல் வேண்டும். அதனை எழுதுபவர் நேரில் அறிந்தவராக இருத்தல் அவசியம். 840 என்னும் இலக்கத்தில் தொடங்கும் 15 இலக்கக் காதுத் தகடு இருப்பின் அதுவே அமெரிக்கப் பிறப்புக்குச் சான்றாகும். தகடு இல்லாவிடத்து, மாட்டை நேரிற் பார்த்து, அயல்நாட்டுக் குறி எதுவும் இல்லையெனின் உள்நாட்டு மாடெனக் கொள்ளவும் விதி இடந்தந்தது. மெக்சிக்கோ மாட்டுக்கு எம் என்ற எழுத்துக் குறியும், வளர்ப்புக்காக வந்த கனடா மாட்டுக்குக் கனடாவைச் சுட்டும் மூவெழுத்துக் குறியும் சுடப்பட்டிருந்தமையால் இவ்வாறு சொல்ல முடிந்தது. குறியில்லாமையே சான்றாகக் கொள்ளப்பட்ட விந்தையை இங்கே காண்க. பதிவுகளை ஓராண்டுக்குப் பேணுதல் வேண்டும். வேண்டுமென்றே மீறுபவருக்குக் குற்றமொன்றுக்கு 1,000 டொலர் வரை தண்டம் விதிக்கலாம்.

எவ்விடத்திற் சுமை விழுந்தது?

சுமை கொல்களத்தில் விழுந்தது. ஒரு கொல்களம் மூன்று நாட்டு மாடுகளை ஏற்பதாயின், அவற்றைத் தனித்தனி அடைப்பில் நிறுத்தி, தனித்தனி வேளையிற் கொன்று, தனித்தனிக் குளிரறையில் தொங்கவிட்டு, தனித்தனிச் சீட்டிடல் வேண்டும். ஒரு வகை முடிந்து மற்றது தொடங்கும் ஒவ்வொரு முறையும் வரிசையை நிறுத்தவேண்டும். கடைக்காரரும் ஒரே வெட்டுத் துண்டுக்கு இரு இடம் ஒதுக்கவேண்டும். இவ்வளவையும் தவிர்க்கும் மிக மலிவான வழி எது? உள்நாட்டு மாட்டை மட்டும் வாங்குவதே. அவ்வாறே பல நிறுவனங்கள் செய்தன. சில கொல்களங்கள் கனடா மாட்டை வாரத்திற் குறித்த நாட்களில் மட்டும் ஏற்றன. சில அறவே மறுத்தன. ஏற்றவை தலைக்கு இவ்வளவு எனக் குறைத்து விலை கொடுத்தன. அல்பேர்ட்டாவில் நூறு பசு வைத்திருக்கும் ஒரு குடும்பம், தன் கன்றின் தரத்தில் எவ்விதக் குறையும் இன்றி, அது பிறந்த இடத்துக்காக விலையை இழந்தது.

2008 டிசெம்பரிலேயே கனடாவும் மெக்சிக்கோவும் உலக வர்த்தக அமைப்பிடம் முறையிட்டன. 2011 நவம்பரில் நடுவர் குழுவும், 2012 ஜூன் 29ஆம் தேதி மேன்முறையீட்டு மன்றமும் முறையீட்டாளர் பக்கம் தீர்ப்பளித்தன. இத்தீர்ப்பைப் பலரும் பிழையாக விளங்கிக்கொள்வர். "வாங்குபவருக்கு நாட்டின் பெயரை அறிவித்தல் தவறு" என மன்றம் கூறவில்லை. அது நியாயமான நோக்கமே என ஏற்றுக்கொண்டது. குற்றமாகக் கண்டது வேறொன்றை. கன்று வளர்ப்பவர் தொடக்கம் கொல்களம் வரை ஒவ்வொருவரிடமும் பிறப்பு, வளர்ப்பு, கொலை ஆகிய மூன்றும் பற்றிய விவரம் கேட்கப்படுகின்றது. ஆனால் அவ்விவரத்தின் சிறு பகுதியே வாங்குபவரை அடைகின்றது. உணவுச்சாலையில் உண்ணும் இறைச்சிக்குச் சீட்டு இல்லை. பதனிட்ட இறைச்சிக்குச் சீட்டு இல்லை. சிறு இறைச்சிக்கடைக்கும் சீட்டு இல்லை. இக்கடைசி விலக்கின் அளவுகோல் நகைப்புக்கிடமானது: ஆண்டுக்கு 230,000 டொலருக்கு மேற்பட்ட காய்கனிகள் வாங்கும் கடையே "சில்லறைக் கடை" எனச் சட்டம் கொண்டமையால், மரக்கறி விற்காத இறைச்சிக்கடை, இறைச்சிச் சீட்டிலிருந்து தப்பியது. இவ்வாறு நுகரப்படும் மாட்டிறைச்சியிற் பாதிக்கு மேற்பட்டது யாதொரு நாட்டுப் பெயருமின்றியே சென்றது. அயல்நாட்டு மாட்டுக்கு முழுச் சுமையும், வாங்குபவருக்கு அரைகுறை அறிவும் என்ற இப்பொருந்தாமையையே மன்றம் பாரபட்சம் என்றது.

ஐக்கிய அமெரிக்கா இதற்குச் செய்த திருத்தம் விந்தையானது. சுமையைக் குறைப்பதற்குப் பதிலாக, 2013 மே 23ஆம் தேதி வெளியிட்ட விதியில் விவரத்தைக் கூட்டிற்று. "இந்நாட்டிற் பிறந்து, இந்நாட்டில் வளர்ந்து, இந்நாட்டிற் கொல்லப்பட்டது" என மூன்றையும் எழுதுமாறும், கலக்கும் சலுகையை ஒழிக்குமாறும் பணித்தது. வாங்குபவர் நோக்கில் இது மேலான சீட்டு என்பதில் ஐயமில்லை. ஆயின் விலக்குகள் அப்படியே இருந்தன. பிரித்துவைக்கும் வேலையோ பெருகிற்று. 2014 ஒக்டோபரிலும் 2015 மே 18ஆம் தேதியிலும் மீண்டும் தோல்வியே கிட்டியது. 2015 டிசெம்பர் 7ஆம் தேதி, கனடா ஆண்டுக்கு ஏறத்தாழ 1,055 மில்லியன் கனேடிய டொலருக்கும், மெக்சிக்கோ ஏறத்தாழ 228 மில்லியன் அமெரிக்க டொலருக்கும் பதில் நடவடிக்கை எடுக்கலாமென நடுவர் தீர்மானித்தார். அத்தகைய தீர்வை இறைச்சியோடு நிற்பதன்று. அதனோடு சம்பந்தமேயில்லாத பண்டங்களை விளைவிப்போரையும் தாக்கும். பதினொரு நாள் கழித்து, டிசெம்பர் 18ஆம் தேதி சனாதிபதி பராக் ஒபாமா ஒப்பமிட்ட செலவினச் சட்டத்தின் ஒரு பிரிவினால் மாட்டிறைச்சியும் பன்றியிறைச்சியும் கட்டாயச் சீட்டிலிருந்து நீக்கப்பட்டன. ஆட்டிறைச்சி, கோழியிறைச்சி, மீன், காய்கனிகள் ஆகியவற்றுக்கு அச்சட்டம் நிலைத்தது.

சீட்டினால் உள்நாட்டு வளர்ப்பவருக்கு விலை உயர்ந்ததா என்ற வினாவும் உண்டு. அமெரிக்க விவசாயத் திணைக்களம் 2015 ஏப்ரலிற் காங்கிரசுக்கு அளித்த அறிக்கை, இச்சீட்டினால் மாட்டிறைச்சிக்குக் கேள்வி அளந்தறியத்தக்க அளவில் உயர்ந்ததற்குச் சான்றில்லை என்றது. ஆதரவாளர்கள் அக்கணிப்பை ஏற்கவில்லை. சீட்டு நீங்கிய பின்னர் மாட்டு விலை வீழ்ந்ததை அவர்கள் காட்டினர். ஆனால் அக்காலத்தில் மந்தைகளும் பெருகிக்கொண்டிருந்தன. இறைச்சி பெருகினால் விலை தாழும். இவ்விரண்டையும் பிரித்து இது இதனால் என்று சொல்லுதல் எளிதன்று.

அரைத்த இறைச்சி

இவ்விடயத்தில் அரைத்த இறைச்சியே மிகவும் சிக்கலானது. சற்று விரித்துக் கூறுவோம்.

தானியம் தின்று கொழுத்த மாட்டை வெட்டும்போது மிஞ்சும் துண்டுகளிற் கொழுப்பு மிகுதி. பாதிக்குப் பாதி கொழுப்பாக இருத்தலும் உண்டு. அதனை அப்படியே அரைத்தால் எவரும் வாங்கார். அவுஸ்திரேலியா, நியூசிலாந்து ஆகிய நாடுகளிற் புல் மட்டும் தின்ற மாடுகளின் இறைச்சி மெலிந்தது. நூற்றுக்கு 90 பங்கு கொழுப்பற்ற அவ்விறைச்சியையும், 50 பங்கு மட்டும் கொழுப்பற்ற உள்நாட்டுத் துண்டுகளையும் கலந்து, 80 பங்கு கொழுப்பற்ற அரைத்த இறைச்சி வேண்டுமெனக் கொள்வோம். தீனிக் கலவைக்கு நாம் வழமையாகப் போடும் சதுரக் கணக்கையே இங்கும் போடலாம். 80 இலிருந்து 50 ஐக் கழிக்க 30. 90 இலிருந்து 80 ஐக் கழிக்க 10. எனவே மெலிந்தது 30 பங்கு, கொழுத்தது 10 பங்கு; அஃதாவது 100 கிலோகிராமில் 75 கிலோகிராம் மெலிந்ததும் 25 கிலோகிராம் கொழுத்ததும் ஆகும். மெலிந்தது முழுவதும் கடல் கடந்து வந்ததெனின், அக்கலவையின் முக்காற் பங்கு அயல்நாட்டினது. அப்பொதியில் எந்நாட்டின் பெயரை எழுதுவது?

கட்டாயச் சீட்டு நடைமுறையில் இருந்த காலத்தில், கலவையில் இருக்கும், அல்லது இருக்கக்கூடும் என நியாயமாகக் கருதத்தக்க நாடுகளின் பெயர்களை எல்லாம் எழுதுமாறு விதி இருந்தது. ஒரு நாட்டு இறைச்சி கடைசி 60 நாட்களுள் ஆலையின் இருப்பில் இருந்திருப்பின் அப்பெயரை எழுதலாம். ஆகவே பொதியில் இருந்த பெயர்கள், அப்பொதியில் உள்ளதைக் கூறாமல், ஆலையின் குளிரறையில் இரண்டு மாதத்துள் புகுந்ததைக் கூறின. ஒரே பொதியில் நூற்றுக்கணக்கான மாடுகளின் இறைச்சி கலந்திருத்தல் கூடுமாதலால், இதைவிடச் சிறப்பாகச் செய்தலும் கடினமே. ஐரோப்பிய ஒன்றியமும் அரைத்த இறைச்சிக்கு இலகுவான வேறு விதியையே வைத்துள்ளது.

இப்போதைய நிலை

கட்டாயம் நீங்கியபோது பழைய குழப்பம் திரும்பிற்று. வெளிநாட்டிலிருந்து இறைச்சியாகவே வந்து, அமெரிக்க ஆலையில் வெட்டிப் பொதியிட்டது மட்டுமான பண்டத்திலும் "அமெரிக்க உற்பத்தி" என விரும்பினால் எழுதிக்கொள்ள முடிந்தது. கன்று வளர்ப்போர் இதனை வஞ்சகம் என்றனர். அவர்கள் சினம் நியாயமானதென்றே நான் கருதுகிறேன். உழைத்தவர் பெயர் விடுபடுதல் ஒருபுறமிருக்க, உழைக்காத இடத்தின் பெயர் அங்கே வருகின்றதன்றோ. 2024 மார்ச்சில் அமெரிக்க விவசாயத் திணைக்களம் வெளியிட்ட இறுதி விதி இவ்வாயிலை அடைத்தது. பிறப்பு, வளர்ப்பு, கொலை, பதனிடல் ஆகிய நான்கும் அமெரிக்காவில் நிகழ்ந்த விலங்கின் இறைச்சிக்கே "அமெரிக்க உற்பத்தி" என்ற சொற்றொடரை உபயோகிக்கலாம். 2026 ஜனவரி 1 இணங்கிநடக்க வேண்டிய நாளாகக் குறிக்கப்பட்டது. எழுதுவது அவரவர் விருப்பம். எழுதினால் அது மெய்யாக இருத்தல் வேண்டும். அதற்கான பதிவுகளையும் வைத்திருத்தல் வேண்டும்.

இது நோய்த் தடுப்பு ஏற்பாடன்று என்பதையும் மனத்திற்கொள்க. சீட்டு வாங்குபவருக்குச் செய்தி கூறும். நோய் வந்தபோது மாட்டைத் தேடிப் பிடிப்பது இலக்கமும் பதிவேடுமே. இரண்டையும் ஒன்றெனக் கருதி மயங்குவோர் பலர். யப்பான் இவ்விரண்டையும் ஒரு நூலிற் கோத்த முறை பாராட்டத்தக்கது. 2001 செப்டெம்பரில் அங்கும் விசர்மாட்டு நோய் காணப்பட்டது. உள்நாட்டு மாட்டிறைச்சியை அரசாங்கம் பணம் கொடுத்து வாங்கி அழிக்க முற்பட்டபோது, ஒரு பெரும் உணவு நிறுவனம் அவுஸ்திரேலிய இறைச்சியை உள்நாட்டுப் பெட்டியில் மாற்றி அடைத்துப் பணம் பெற முயன்றமை 2002 இல் வெளியாயிற்று. பெட்டியை மாற்றினாற் பெயரும் மாறிவிடும் என்பதை நாடே கண்டது. 2003 இல் இயற்றிய சட்டத்தினால் அந்நாட்டு மாடு ஒவ்வொன்றுக்கும் 10 இலக்க எண் வழங்கப்பட்டது; 2004 டிசெம்பர் தொடக்கம் அவ்வெண் கடைப் பொதிவரை செல்லலாயிற்று. வாங்குபவர் எண்ணைக் கொண்டு அம்மாடு பிறந்த நாள், இனம், வளர்ந்த இடம் ஆகியவற்றை அறியலாம். அவுஸ்திரேலியாவில் 2005 ஜூலை தொடக்கம் நாடு முழுவதும் மாட்டின் காதில் மின்னணுத் தகடும், பட்டி மாறுந்தோறும் பதிவும் கட்டாயமாயின. உருகுவே 2006 இல் அவ்வழியைப் பின்பற்றிற்று. ஐக்கிய அமெரிக்கா, மாநில எல்லை கடக்கும் 18 மாதத்துக்கு மேற்பட்ட காயடிக்காத மாடுகளுக்கு மின்னணுத் தகட்டை 2024 நவம்பர் 5 தொடக்கம் கட்டாயமாக்கிற்று. அங்கும் வளர்ப்போர் சிலர் செலவைக் கூறி முணுமுணுத்தனர்.

நமது பட்டி மாடுகளுக்குக் குறி சுடுதல் தொன்றுதொட்ட வழக்கம். 1958ஆம் ஆண்டின் 29ஆம் இலக்க விலங்குகள் சட்டமும் குறியிடுதலை ஒழுங்குபடுத்துகின்றது. ஆயின் குறி கூறுவது இன்னாருடைய மாடு என்பதை மட்டுமே. விற்ற மாட்டில் இரண்டாம் குறி விழும். மூன்றாம் குறியும் விழும். நாகு எப்பொழுது, எப்பட்டியில், எப்பசுவுக்குப் பிறந்தது என்பதைத் தோலிற் சுட்டு வைக்க இயலாது. ஒரு கொப்பியில் ஒரு வரி எழுதினால் முடியும்.

பேணியைக் காட்டிய பெரியவருக்குரிய விடை இதுவாகும். பொதி உணவுகளுக்கான சர்வதேச உணவுத் தரநியமம், ஓர் உணவு இரண்டாம் நாடொன்றிற் பதனிடப்பட்டு அதன் தன்மையே மாறுமாயின், பதனிட்ட நாட்டையே தோற்ற நாடாகக் கொள்ளச் சொல்கின்றது. பச்சை இறைச்சியை உப்பிட்டு, அவித்து, பேணியில் அடைத்தல் தன்மை மாற்றமே. ஆகவே பேணியிலுள்ள பெயர், இறைச்சி பேணியில் அடைக்கப்பட்ட நாட்டின் பெயர். மாடு அந்நாட்டிற் பிறந்ததாக இருக்கலாம். வேறு நாட்டிற் பிறந்ததாகவும் இருக்கலாம். பேணியைப் பார்த்து மட்டும் அதனை அறிய வழியில்லை.